பிந்தி முளைத்த கத்தரி

“கையில என்ன றிபா? விரிச்சுக் காட்டு.”

விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு முற்றத்துக்கு வந்த றுஸ்தா அப்படியே நின்றுவிட்டாள். தகரத் தாழ்வாரத்தின் கீழே, கன்றுகள் நின்ற உரப்பைகளுக்கு முன்னால் குந்தியிருந்த றிபா திடுக்கிட்டு எழும்பினாள். றுஸ்தாவின் கணவன் நளீமின் தங்கை அவள். விரலெல்லாம் மண். உள்ளங்கையில் கசங்கிப்போய் ஒரு கத்தரிக் கன்று, வேரோடு.

“அப்ப நீதான். என்ட கன்று ஒவ்வொண்டாக் காணாமப் போறது உன்ட கையாலதான்.”

றிபா கன்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அதுதான் றுஸ்தாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு அந்தத் தோட்டம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. இரண்டாம் தடவையும் வயிற்றில் பிள்ளை தங்காமல் போனதிலிருந்து மனம் ஒன்றிலும் ஒட்டவில்லை. நளீம்தான் கல்முனைச் சந்தையில் கத்தரி விதையும் வெண்டி விதையும் வாங்கிவந்து, எதையாவது போட்டுப் பார் என்றான். முதல் கத்தரி தலைகாட்டிய அன்றுதான் அவள் வயிறாரச் சோறு தின்றாள். பிறகு கன்றுகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. மறைந்த இடத்தில் சிலவேளை ஒன்று பிந்தி முளைக்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கை வைப்பாள்.

“எனக்கு ஒண்டும் தங்கப்படாது, அதானே உனக்கு? நீ வாழாம வந்தது காணாதா?”

“அப்பிடிச் சொல்லாதீங்க மதினி,” என்று மட்டும் றிபா சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன கோபம் விடவில்லை.

“இது என்ட உம்மா வாப்பா எனக்குத் தந்த ஊடு. நீ உன்ட ஊட்டுக்குப் போ.”

அந்த ஊர்ப்பக்கம் கலியாணத்தில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். நளீமே மாப்பிள்ளையாக வந்து இருப்பவன். தங்கைக்காக அவன் எவ்வளவுதான் கதைப்பான்? றிபாவின் சீதன வீட்டை அவள் புருஷன் விற்றுத் தின்றுவிட்டுத்தான் தலாக் சொன்னான். போக அவளுக்கு ஒரு வீடில்லை என்று தெரிந்தேதான் றுஸ்தா அதைச் சொன்னாள். பகல் சோற்றுக்கு முன்பே றிபா ஒரு பையோடு சம்மாந்துறையில் இருக்கும், சின்னம்மா முறையான சாச்சி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போனபிறகும் கன்றுகள் பிழைக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஓரம் கருகிச் செத்தன. றுஸ்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு நாள், நளீம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் சட்டியிலிருந்த தண்ணீரை உரப்பைகளில் ஊற்றினாள். மீன் கழுவின தண்ணீர் கன்றுக்கு நல்லதென்று ஊரே ஊற்றுகிறது. அவளும் நாள் தவறாமல் ஊற்றிவந்தாள். ஆனால் கடல் கொந்தளித்து, தோணிகள் கரையேறிக் கிடந்த காலம் அது. வீட்டில் எந்நாளும் கருவாடுதான்.

“கருவாடு ஊறப்போட்ட தண்ணியா? உப்புத்தானே றுஸ்தா,” என்றான் நளீம். அவள் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே வைத்தான். நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

அப்போதே போனை எடுத்தாள். கன்றுகளைக் கொன்றது தான்தான் என்று றிபாவிடம் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள், ஊட்டுக்கு வா என்று கெஞ்சினாள். றிபா கோபமில்லாமல்தான் கதைத்தாள். குவைத்தில் ஒரு வீட்டு வேலை சரிவந்துவிட்டதாம். வாற கிழமை பயணமாம். இனி வந்து தங்க நேரமில்லையாம்.

றுஸ்தா கேட்டாள்: “அப்ப அண்டைக்கு உன்ட கையில கிடந்த கன்று?”

றிபா குரலைத் தாழ்த்தினாள்.

“அது செத்தது மதினி. செத்ததக் கண்டா நீங்க சோறு தின்ன மாட்டீங்க. அதான் நீங்க வெளிய வர முன்னம் எடுத்துட்டு, அந்த இடத்தில வேற விதை ஊண்டி வெப்பன். அண்டைக்கே சொல்லியிருப்பன்... சொன்னா, பிந்தி முளைச்சதெண்டு நீங்க சந்தோசப்பட்டதெல்லாம் பொய்யாப் போயிடுமே.”