நாலு மணிக்கு நிற்கும் மின்விசிறி

“மேடம், அந்த ஸ்விட்சுல கை வைக்காதீங்க. இப்ப கரண்ட் போச்சுன்னா பெட்டி செத்துடும்.”

முதலாளியம்மா கையை இழுத்துக்கொண்டாள். சுவரில் இருந்த கன்ட்ரோல் பெட்டியின் திரையில் பச்சைக் கோடு ஒன்று எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த அறையின் வெளிச்சம், ஈரம், காற்று எல்லாமே அந்தப் பெட்டி சொன்னபடிதான். அடுக்கடுக்காக ஆர்க்கிட் கன்றுகள். நனைந்த மரக்கரி வாசனை. தலைக்கு மேல் மின்விசிறிகள் இரைந்தன.

“கண்ணு கூசுதேன்னு லைட்டை அணைக்கப் போனேன். உங்க கம்பெனியில வேற ஆளே கிடைக்கலையா, சார்?”

“ஆங்?”

அவள் சுற்றிக்கொண்டு டெக்னீஷியனின் வலது பக்கம் வந்து நின்று, அதையே மறுபடி கேட்டாள்.

“சீனியர் ஆள்தான் வேணும்னு நீங்க அடம் பிடிச்சீங்களாமே, மேடம்.”

“பழைய பெட்டி. பழைய ஆளுக்குத்தானே அதோட குணம் தெரியும்.”

டெக்னீஷியன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெட்டி ‘பீப்’ என்றது. அதை இயக்கும் புது மென்பொருள் ஏறிவிட்டது. பழைய செட்டிங் அத்தனையும் துடைத்தாற்போல் போயிருந்தது. முன்னதாகவே போனில் படம் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தவர், கடைசிப் படத்தில் நின்றார்.

“நாலு மணிக்குக் கால் மணி நேரம் ஃபேன் நிக்கணும்னு ஒண்ணு இருக்கு. கன்னுக்கு ஆகாது. காத்து நின்னா பூஞ்சை பிடிக்கும். விட்டுடறேன்.”

“விடாதீங்க. அது இல்லாம இந்த ரூம் எனக்கு வேண்டாம்.”

“புது வெர்ஷன்ல அதுக்கு இடம் இருக்கான்னே தெரியல.”

“தேடுங்க. அதுக்குத்தானே வந்திருக்கீங்க.” அவள் குரல் இறங்கியது. “என் வீட்டுக்காரர் போட்டது, சார். ரெண்டு பேரும் சேர்ந்து இந்த ரூமை ஆரம்பிச்ச புதுசு. ஃபேன் ஓடினா நான் பேசறது அவருக்குக் கேக்காது. அதனால டீ குடிக்கிற நேரத்துக்கு நிறுத்தி வைப்பார். இந்தக் கவுத்துப் போட்ட பிளாஸ்டிக் க்ரேட்லதான் உக்காருவோம். கதை, சிரிப்பு, சண்டை எல்லாம் அந்தக் கால் மணியிலதான். மத்த நேரம் என்ன திட்டினாலும் தலையை ஆட்டிக்கிட்டே வேலையைப் பார்ப்பார்.”

“பிழைக்கத் தெரிஞ்சவர்.”

“கல்லுளிமங்கன்.”

அவர் லேசாக இருமினார். “இப்பத் தனியாத்தானே டீ குடிக்கிறீங்க. யாருக்காக நிறுத்தணும்?”

“ஃபேன் நின்னாதான் எனக்கு டீ தொண்டையில இறங்குது. போதுமா?”

அவர் அட்வான்ஸ்டு செட்டிங்கைத் திறந்தார். ஒரு பக்கம், அதற்குள் ஒரு பக்கம், அதற்கும் உள்ளே இன்னொன்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையோடு மூக்கு ஒட்டத் தேடினார்.

“கிடைச்சுடுச்சு. ஓட்டிப் பார்த்துடலாம்.”

பொத்தானை அழுத்தினார். மின்விசிறிகள் முனகி, தளர்ந்து, ஒவ்வொன்றாக நின்றன. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. யாரும் சொல்லாமலே அவர் அந்த க்ரேட்டில், வலது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

அவள் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். “இப்பக் கேக்குதா?”

“கேக்குது, மேடம்.”

“மேடமும் வேண்டாம், சாரும் வேண்டாம். அன்னைக்குக் கோர்ட்டுல, விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட நீங்க குனிஞ்சப்ப, பின்னால நின்னு ‘போடாதீங்க’ன்னு சொன்னேன். அங்கேயும் தலைக்கு மேல ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு.”