துளையிலிருந்து வந்தது

வாடிப்பட்டிக்கு வெளியே, காலை வெயில் கொய்யாத் தோப்புக்குள் இறங்குகிறது. காய்த்துக் குலுங்கிய மரமொன்று நேற்றுக் காற்றில் நடுவே முறிந்து கிடக்கிறது. முறிந்த இடத்தில் விரல் நுழையும் துளை, அதனடியில் மரத்தூள். நிற்கிற மரங்களின் துளைகளில் சைக்கிள் கம்பியை விட்டுக் குடைகிறாள் ராமக்காள். நுனியில் புழு நசுங்கிய ஈரம் ஒட்டினால்தான் கம்பியை வெளியே எடுக்கிறாள். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் அடைத்து, தேவைக்கு மேல் அழுத்துகிறாள். பூச்சியியல் படிக்கும் அவளுடைய அண்ணன் மகள் ஆர்த்திகா பின்னாலேயே வருகிறாள். “அத்தை, உள்ள துளைக்கிறது ஒரு அந்துப்பூச்சி, இந்த மரத்துல பட்டையைத் திங்கிறது வேற. முன்னாடி ரெண்டையும் ஒரே குடும்பத்துல வச்சிருந்தாங்க, இப்பப் பிரிச்சிட்டாங்க.” “பாகம் பிரிச்சா பங்காளி இல்லேன்னு ஆயிருமா?” கம்பி அடுத்த துளைக்குள் போகிறது.

விழுந்த மரத்தின் மேல் வெள்ளை அந்துப்பூச்சி ஒன்று சிறகை உலர்த்திக்கொண்டிருக்கிறது. வெள்ளையில் நீலக் கறுப்புப் புள்ளிகள். ஆர்த்திகா அதை உள்ளங்கையில் ஏற்றிக்கொள்கிறாள். “உள்ள இருந்து தின்னது இதுதான்.”

“எங்க, அது வாயைக் காட்டு.”

“இப்ப இதுக்குத் திங்க வாயே கிடையாது அத்தை. புழுவா இருக்கையில தின்னதோட சரி.”

ராமக்காள் குனிந்து பார்க்கிறாள். தடித்த வயிறு மெல்ல அசைகிறது. “வயிறு மட்டும் ஏன் இம்புட்டுப் பெருசா இருக்கு?”

“பொட்டை அத்தை. அம்புட்டும் முட்டை.”

ராமக்காள் கம்பியைக் கீழே வைக்கிறாள். பூவை எடுப்பதுபோல் அந்துப்பூச்சியை எடுத்துத் தன் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறாள். விரலிடுக்கில் ஈரம் கசிய, மூடிய கையை முறிந்த மரத்தின் மேல் ஊன்றியபடி நிற்கிறாள்.