முகமும் முடிச்சும்

கல்கத்தா டாலிகஞ்சில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவின் மாடி அறையில், மத்தியான வெயிலை அடைக்க ஜன்னலில் கறுப்புத் துணி தொங்குகிறது. மானிட்டர் வெளிச்சம் எடிட்டர் கோமளாவின் முகத்தில் நீலமாக விழுகிறது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கல்யாணப் பெண்ணின் அம்மா மீனாக்ஷி. “தாலி கட்டினதே இல்லையேம்மா இதிலே?” என்று மறுபடியும் கேட்கிறாள். தங்கள் வழக்கப்படி வகிட்டில் குங்குமம் வைப்பதுதான் முக்கியம் என்று காத்திருந்த வங்காளி கேமராமேன், கெட்டிமேளம் கொட்டும்போதும் பெண்ணின் முகத்தை விட்டு நகரவில்லை. முடிச்சுப் போடும் விரல்கள், மணமேடைக்குப் பின்னால் இருந்த இன்னொரு கேமராவில் மட்டும் இருக்கின்றன. “ரெண்டையும் அந்த ஹார்ட் டிசைன் ஃபிரேமுக்குள்ளே போட்டு முடி, ரெடியா இருக்கு,” என்கிறார் முதலாளி தபன்தா, வங்க மொழியில். “ஹார்ட் வளைவிலே முடிச்சு வெட்டுப்படும், தபன்தா.” “பிடிவாதக்காரி. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா இனிமே நீ டைட்டில் மட்டும் அடி.” கோமளா திரும்பவில்லை. பெண்ணின் தோளில் கிடக்கும் மாலையின் ஓரமாகவே மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்துத் திரையைப் பிரிக்கிறாள். மல்லிகையின் மேடுபள்ளமே எல்லைக்கோடு. இந்தப் பக்கம் முகம், அந்தப் பக்கம் விரல்கள். இரண்டு காட்சிகளின் மேளச் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை ஒன்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். எதிரொலி மறைகிறது. முடிச்சு இறுகுகிறது, அதே நொடியில் பெண் கண்ணை மூடுகிறாள். மீனாக்ஷி தன் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். “பிடிக்கலையாமா?” என்று தபன்தா கோமளாவிடம் கிசுகிசுக்கிறார். கோமளா சேவ் பொத்தானை அழுத்துகிறாள்.