தொடக்கூடாத பாயிண்ட்

லிஃப்ட் சோதனை முடிந்து நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. ஆனாலும் லிஃப்ட்காரி சுவிட்சைப் போடவில்லை.

போட்டால் மோட்டார் இரைச்சலில், போனில் பேசுகிற விமானக் கம்பெனிப் பெண்ணின் குரல் கேட்காது. வெளியே மொட்டைமாடிக்குப் போனாலோ காற்று காதைப் பிய்க்கும். அதனால் மோட்டார் அறையில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கீழே பன்னிரண்டு மாடி ஜனமும் அவளைத் திட்டிக்கொண்டே படியேறியது. எட்டாம் மாடிப் பல் டாக்டர் மேலேயே ஏறி வந்து, மூச்சு வாங்க எட்டிப் பார்த்தார். "சோதனை நடக்கிறது" என்ற பலகையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். இருபது வருஷத் தொழிலில் அவள் சொன்ன முதல் பொய் அது.

விஷயம் இதுதான். ஊர் ஊராகப் பறந்து லிஃப்ட் சோதிப்பது அவள் வேலை. பறக்கப் பறக்க விமானக் கம்பெனி பாயிண்ட் தரும். அந்தக் கம்பெனி அவள் அப்பா அம்மா இருக்கிற ஊருக்குப் போகாது. அங்கே போவது இன்னொரு கம்பெனி. இரண்டும் கூட்டு வைத்திருந்ததால், இதில் சேர்த்த பாயிண்டை வைத்து அதில் ஏறிப் போகலாம்.

பதினோரு வருஷம் ஒழுங்காக இருந்த கூட்டு. இப்போது இரண்டுக்கும் முட்டிக்கொண்டது. "கூட்டு தொடருமா என்பதை உரிய நேரத்தில் தெரிவிப்போம்" என்று காலையில் மெயில் வந்தது.

உரிய நேரமாம்! யாருக்கு உரிய நேரம்? கூட்டு முறிந்தால் அவள் பாயிண்டை வைத்து அப்பா அம்மா வீட்டு வாசல் வரைக்கும் போக முடியாது. உலகத்தில் வேறு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அந்தப் பாயிண்டை அவள் யாரையும் தொட விட்டதில்லை. மகள் கடல் பார்க்கக் கேட்டாள். அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றாள் இவள். கல்யாண நாளுக்கு எங்காவது போகலாமா என்று கணவர் கேட்டார். அதற்கும் அதே பதில். "சரியான கஞ்சம், சாகும்போது கூடவே கட்டிக்கிட்டுப் போவா" என்று நாத்தனார் நாலு பேர் முன்னால் சொன்னாள். எல்லாருக்கும் பதிலடி கொடுக்கிற லிஃப்ட்காரி அன்றைக்கு மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சரி, அவளாவது அதை எடுத்துக்கொண்டு பெற்றவர்களைப் பார்த்துவிட்டு வந்தாளா என்றால், அதுவும் இல்லை. கடைசியாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போய் ஆறு வருஷம். அடுத்த வருஷம் பார்க்கலாம், வீடியோவில்தான் தினமும் பார்க்கிறோமே என்பாள். ஆனால் அந்த ஊரிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால், எழுந்து நின்றுகொண்டுதான் எடுப்பாள்.

போன் பெண் தன்மையாகத்தான் பேசினாள். "அவசரப்படாதீங்க மேடம். கூட்டு தொடர்ந்தாலும் தொடரும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே."

"பதினோரு வருஷமா பொறுத்துத்தாம்மா பார்த்தேன். சீட்டைப் பாருங்க."

பாயிண்டுக்குத் தருகிற சீட்டு இந்த மாசம் இல்லவே இல்லை என்றாள் அந்தப் பெண்.

லிஃப்ட்காரி விடுகிற ஆளா? இரும்புக் கயிறு நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டாள். பழந்துணியைச் சுற்றிப் பிடித்து, முழுக் கயிற்றையும் அங்குலம் அங்குலமாக அதற்குள் ஓடவிட்டுப் பார்ப்பாள். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டும்.

"ஒவ்வொரு தேதியா பாருங்கம்மா. நான் எங்கேயும் போகல."

பதினாலு இல்லை. பதினைந்து இல்லை. பதினாறு இல்லை. கீழே யாரோ லிஃப்ட் கதவைத் தட்டினார்கள். பதினேழு இல்லை.

பதினெட்டில் மாட்டியது. இரண்டு இடத்தில் மாறிப் போக வேண்டும், கடைசி வரிசை, கழிப்பறையை ஒட்டினாற்போல.

"போடுங்க."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். வீட்டில் ஏதாவது துக்கமா, அப்படியென்றால் தனியாகக் கேட்டு நாளைக்கே வாங்கித் தர முடியும் என்றாள்.

"இல்லம்மா," என்றாள் லிஃப்ட்காரி. குரல் திடமாக வந்தது.

டிக்கெட் வந்ததும் கணவருக்குச் சொன்னாள். அவர் மெதுவாக, "அலமாரி மேல இருக்கிற பையை இறக்கி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் கட்டி வைத்த பை. ஊரிலிருந்து கெட்ட சேதி வந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. உள்ளே பூவோ பளபளப்போ இல்லாத இரண்டு ஜோடித் துணி.

"வேண்டாங்க. அதுல இருக்கிறது எதுவும் இதுக்கு ஆகாது. அந்த மஞ்சள்ல பூப்போட்டதை எடுத்து வைங்க."

அடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வியாழக்கிழமை வருகிறேன் என்றதும் அப்பா பதறிப்போனார்.

"யாருக்கு... என்னம்மா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. அதான் வர்றேன்."

அப்பா போனை வைக்கக்கூட இல்லை. வீடு முழுக்கக் கேட்கும்படி கத்துவது அவள் காதில் விழுந்தது.

"அடியே, இங்க வா! ஒண்ணும் ஆகலையாம்! சும்மா வர்றாளாம்!"