இருக்கையின் நுனி

பண்டாரவளைக் கராஜின் தகரக் கூரையில் மழை இரைகிறது. டாக்டர் வதனியின் கார் டாஷ்போர்டில் செம்மஞ்சள் விளக்கொன்று எரிகிறது. அது எரியும்வரை, கார் மோதினாலும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காற்றுப்பை விரியாது; அங்கே ஆளில்லை, இருந்தாலும் சிறுபிள்ளைதான் என்பது காரின் கணக்கு. மெக்கானிக் தினகரன் வெற்று இருக்கையின் எடை உணரியை மடிக்கணினியில் பூச்சியமாக்கி, ஐம்பது கிலோ கோதுமை மா மூட்டையை வைத்தபோது விளக்கு அணைந்தது. இப்போது மூட்டை இருந்த இடத்தில் அமராவதி உட்கார்ந்திருக்கிறாள், விளக்கு எரிகிறது. டாக்டரின் கிளினிக்கில் வேலை செய்பவள். நாளைக்கும் டாக்டரோடு இந்த இருக்கையில்தான் கொஸ்லந்தைக்கு மலை இறங்க வேண்டும். போன வாரம் அந்தப் பாதையின் வளைவொன்றில் ஒரு வேன் சறுக்கி மோதியது. மடிக்கணினி இருபத்தெட்டுக் கிலோ காட்டுகிறது. தினகரன் குனிந்து வயரை ஆட்டிப் பார்க்கிறான், கழற்றி மாட்டுகிறான். நிமிரும்போதுதான் அவள் முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் ஒரு வெளி தெரிகிறது. நுனியில் ஒட்டியிருக்கிறாள், பாதிப் பாரம் பாதங்களில். “நல்லா சாஞ்சு உட்காருங்கம்மா,” என்கிறான். “பரவால்லங்க தம்பி, இப்படியே பழகிருச்சு.” “இல்ல, சாயுங்க.” தேயிலைக் கொழுந்துக்கூடை சுமந்த முதுகு மெல்லப் பின்னால் போகிறது. நாற்பத்தாறு. விளக்கு அணைகிறது. தினகரன் மூச்சு விடுகிறான். குடையை மடக்கிக்கொண்டு டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் ஏறுகிறார். “இப்ப சரியோ, தம்பி?” அவன் பதில் சொல்ல வாயெடுக்கிறான். டாக்டர் பக்கத்தில் அமர்ந்ததும் அமராவதி முந்தானையை இழுத்துக்கொண்டு நாலு விரற்கடை முன்னால் நகர்கிறாள். விளக்கு எரிகிறது.