ஞாயித்துக்கிழமை ஆட்டம்

பேச்சிமுத்து பட்டணத்துல வீடு புடிச்சதும் மொத வேலையா கேரம் போர்டு வாங்கினான், சினேகிதங்க வருவாங்கன்னு. ஆறு மாசமா அது கதவுக்குப் பின்னாலயே நிக்குது.

பக்கத்துல இருந்த தொடப்பம் நக்கலடிச்சுது. "என்னண்ணே, ஒருத்தனும் வரலியே! என்னையாவது தெனமும் தொடுறான்."

"இன்னிக்கு ஞாயிறு. வருவாங்க பாரு"ன்னுச்சு போர்டு.

மத்தியானம் பேச்சிமுத்து போர்டை எடுத்துப்போட்டு, பவுடர் தூவி, காயெல்லாம் அடுக்கினான்.

"பாத்தியாடா!"ன்னு போர்டு குதிச்சுது.

அவன் ஒரு அடி அடிச்சான். எந்திரிச்சு எதிர்ப்பக்கம் போயி உக்காந்து இன்னொரு அடி. மறுபடி இந்தப் பக்கம் வந்தான். சிவப்பு விழுந்துச்சு. அதுக்கடுத்து இன்னொரு காய் விழணும், இல்லேன்னா சிவப்பைத் திருப்பி வைக்கணும். விழல.

எதிர்ல காலியாக் கெடந்த தரையப் பாத்து, "சரிடா, கத்தாத, வச்சிர்றேன்"னு சிவப்பை எடுத்து நடுவுல வச்சான்.

"யாருண்ணே கத்துனது?"ன்னுச்சு தொடப்பம்.