இரட்டை மணி

“நீங்க முன்னாடி போங்க நெஜ்தெத் பெய். நான் கைப்பையில கார்டைத் தேடி எடுத்துட்டு வர்றேன்.”

ஷுக்ரான் ஹனிம் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். (அந்த ஊர் மரியாதையில் ‘பெய்’ என்றால் ஐயா, ‘ஹனிம்’ என்றால் அம்மா.) காதிக்கோய் படகுத்துறையில் சொன்னாள், எமினொனுவில் டிராம் ஏறும்போது சொன்னாள், இப்போது பேருந்துப் படியிலும் சொல்கிறாள். பச்சைக் குழந்தையைப் படுக்கவைக்கலாம் போன்ற அந்தக் கைப்பையில் ஒரு கார்டைத் தேடுவது லேசான காரியமில்லை என்று நெஜ்தெத் நினைத்துக்கொண்டார். காசு போட்டு ஏற்றிய தன் பயணக் கார்டைத் தட்டினார். மெஷின் ‘டிங்’ என்றது. அவர் வயிறு எரிந்தது.

இஸ்தான்புல்லில் அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குப் பேருந்து, டிராம், படகு எல்லாமே இலவசம். அதற்கென்று தனிக் கார்டு உண்டு. அதைத் தட்டினால் மட்டும் மெஷின் ‘டிங் டிங்’ என்று இரண்டு தரம் அடித்து, கிழம் ஒன்று வருகிறது என்று ஊருக்கே தண்டோரா போடும். நெஜ்தெத்துக்கு வயது அறுபத்தேழு. அந்தக் கார்டு அவர் கோட்டின் உள்பையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

காரணம், ஷுக்ரான் போட்ட நிபந்தனை. கல்யாணப் பேச்சை எடுத்த நெஜ்தெத்தின் தங்கையிடம் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். “அறுபதைத் தாண்டின ஆளே வேண்டாம். போய்ச்சேர்ந்த மனுஷனுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தே என் பாதி ஆயுசு போச்சு. இன்னொரு நோயாளி எனக்கெதுக்கு?” தங்கையும் கொஞ்சம்கூடக் கூசாமல், “அண்ணனுக்கு ஐம்பத்தொம்போதுதான்” என்று அடித்துவிட்டாள்.

டீக்கடையில் ஒரு மணி நேரம் எவனும் நல்லவனாக உட்கார்ந்துவிடுவான், நாள் பூரா கூடவே அலைந்தால்தான் ஆள் யாரென்று தெரியும் என்பது ஷுக்ரானின் கட்சி. சாயங்காலம் பெஷிக்தாஷிலிருந்து திரும்பும் படகில் பதில் சொல்வதாக ஏற்பாடு. அவளை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. காலைப் படகில் டீயோடு வந்த சர்க்கரைக் கட்டிகளில் மிச்சமானதை அவள் நைசாகக் கைப்பைக்குள் தள்ளிய அழகே அழகு.

“பார்த்துட்டீங்களா? டீக்குக் காசு குடுத்தோம்ல, அப்ப சர்க்கரையும் நம்மளுதுதான்” என்று கண்ணடித்தாள்.

பேருந்தில் நல்ல கூட்டம், பின்னால் என்ன சத்தம் என்றே கேட்காத இரைச்சல். காதில் பாட்டு மாட்டியிருந்த ஒரு பையன் நெஜ்தெத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தான். “பெரியப்பா, உக்காருங்க.”

“யாருக்குடா பெரியப்பா? உங்கப்பனுக்கு நான் தம்பி மாதிரி இருக்கேன். நீ உக்காரு!” நெஜ்தெத்தின் இரண்டு முட்டிகளும் அந்த இருக்கையை நினைத்துக் கதறின.

“அப்ப நான் உக்காந்துக்கறேன்” என்று ஷுக்ரான் உட்கார்ந்துவிட்டாள். “பரவாயில்லையே, கம்பியப் புடிச்சிக்கிட்டு ஜம்முனு நிக்கிறீங்க. இந்த வயசுல சிலபேர் காத்தடிச்சாலே விழுந்துடறாங்க.”

“அது தினமும் நடக்கிறேன்ல” என்று பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

பெஷிக்தாஷ் துறையில் படகு கிளம்பத் தயாராக நின்றது. நெஜ்தெத் கார்டைத் தட்டினார். மெஷின் ‘கர்ர்ர்’ என்று சிவப்பு விளக்கைக் காட்டியது. கார்டில் காசு தீர்ந்துவிட்டது. பணம் ஏற்றும் மெஷின் முன்னால் அனுமார் வால் மாதிரி வரிசை நின்றது.

“ஹனிம், உங்க கார்டுல எனக்கும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டிடுறீங்களா?”

ஷுக்ரானுக்கு முகம் வெளுத்தது. “என் கார்டா? ஐயோ, அது... அதுல எனக்கு மட்டுந்தான் இருக்கு.”

“அப்ப அடுத்த படகுல போலாமா?”

“ஐயய்யோ, வீட்டுல அம்மா தனியா இருக்காங்க. இந்தப் படகை விட்டா நான் பஸ் புடிச்சிக் கிளம்பிடுவேன். பதிலை உங்க தங்கச்சிகிட்ட சொல்லியனுப்பறேன்.”

தங்கை வழியாக வரும் பதில் எப்படி இருக்கும் என்று நெஜ்தெத்துக்குத் தெரியாதா? பின்னாலிருந்து ஒரு தடியன் வேறு கத்தினான். “தட்டுறதுன்னா தட்டுங்க, இல்லன்னா ஒதுங்குங்க! மாமனார் வீட்டு வாசல்னு நெனப்பா?”

படகு ஊதியது. வருவது வரட்டும் என்று நெஜ்தெத் உள்பையில் கையைவிட்டு அந்தக் கார்டை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

‘டிங் டிங்.’

போச்சு. எல்லாம் போச்சு. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் தடுப்பைத் தாண்டி நின்றார். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் மறுபடியும் கேட்டது.

‘டிங் டிங்.’

திரும்பினார். ஷுக்ரான் கையில் அதே கார்டு, முகமெல்லாம் சிரிப்பு. “அட, நீங்களும் இந்தக் கார்டுதானா! இதை மொதல்லயே சொல்லியிருந்தா நாள் பூரா நான் உங்களை முன்னாடி அனுப்பிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு தட்டியிருக்க வேண்டாமே!”

நெஜ்தெத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கும் அதே பயந்தான் ஹனிம்! அறுபத்தேழு ஆவுது. முட்டி ரெண்டும் போச்சு, ராத்திரிக்கு மூணு மாத்திரை. இனி நமக்குள்ள ஒளிவு மறைவே வேண்டாம். உங்களுக்கு எத்தனை?”

ஷுக்ரான் சிரிப்பை நிறுத்தினாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“எனக்கு ஐம்பத்திநாலுதாங்க. இது எங்கம்மா கார்டு. நீங்களும் உங்கப்பா கார்டைத்தான் ஓட்டுறீங்க, நமக்கேத்த ஆளுன்னு இல்ல நினைச்சேன்!”